குப்பைக்கு இடம் குறிக்கும் கோப்பும் அதைப் பரிசீலிக்கும் நீதிமன்றமும்

ஏரியின் உள்வாயிலோ ஆற்றங்கரை மேட்டிலோ குப்பைக் கிடங்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கோர்ட்டுக்குப் போனால் ஸ்டே கிடைக்குமா சார்?" என்பதுதான். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என இன்று மூன்று மாவட்டங்களாகப் பிரிந்து நிற்கும் பழைய வேலூர் மாவட்டப் பகுதியில், இத்தகைய ஆட்சேப மனுக்களை எழுத ஊராருக்கு உதவி வருகிறேன். நீதிமன்றம் முதலில் கையில் எடுப்பது, முடிவெடுத்த அதிகாரியின் கோப்பை. ஊரின் நிலைமை அந்தக் கோப்பில் எழுத்தில் ஏறியிருந்தால் வழக்கு நிற்கிறது. ஏறாமல் போயிருந்தால், எவ்வளவு நியாயம் நம் பக்கம் இருந்தாலும் வழக்கு தள்ளாடுகிறது. கிடங்கு வேண்டாம் என்று சாலையில் உட்காரும் ஊர்கள், அந்தக் கோபத்தில் ஒரு பங்கையாவது கோப்புக்குள் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே நான் இங்கே சொல்ல விரும்புவது.

உயர் நீதிமன்றத்துக்குச் செல்வதும் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் செல்வதும் ஒன்றல்ல. அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு போட்டால், உயர் நீதிமன்றம் பெரும்பாலும் முடிவெடுத்த முறையைத்தான் ஆராயும்: அதிகாரிக்கு அதிகாரம் இருந்ததா, விதியில் சொன்ன நடைமுறை பின்பற்றப்பட்டதா, கவனிக்க வேண்டியதைக் கவனித்தாரா, கவனிக்கக் கூடாததைக் கருத்தில் கொண்டாரா என்று பார்க்கும். இந்த இடம் நல்ல இடமா, அந்த இடம் நல்ல இடமா என்ற கேள்விக்குள் நீதிபதிகள் எளிதில் நுழைய மாட்டார்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதித்துறை உறுப்பினரோடு துறை வல்லுநரும் அமர்வதால், சுற்றுச்சூழல் அனுமதிக்கு எதிரான மேல்முறையீட்டில் முடிவின் உள்ளடக்கத்தையே அது ஆராய முடியும். கூட்டுக் குழு அமைத்து இடத்தைப் பார்த்து அறிக்கை தரச் சொல்லவும் முடியும். நமக்கு அதன் தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது.

இப்படி ஒரு தீர்ப்பாயம் வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றதற்கு ஐதராபாத் வழக்கு ஒன்று முக்கியக் காரணம். ஐதராபாத்துக்குக் குடிநீர் தரும் உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் நீர்த்தேக்கங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் மாசுபடுத்தும் தொழிற்சாலைகள் கூடாது என்று ஆந்திர அரசே தடை போட்டிருந்தது. பின்னர் அதே அரசு ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆந்திரப் பிரதேச மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பேராசிரியர் எம்.வி. நாயுடுவுக்கும் இடையே நடந்த அந்த வழக்கில், 1999-இல் உச்ச நீதிமன்றம், அறிவியல் சிக்கல் நிறைந்த இத்தகைய வழக்குகளில் நீதிபதிகளுக்கு வல்லுநர் துணை தேவைப்படுகிறது என்று வெளிப்படையாக எழுதியது. ஆபத்து இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு திட்டத்தைக் கொண்டுவருபவருடையது என்றும் சொன்னது. அடுத்த ஆண்டு அந்த விலக்கு சட்டவிரோதம் என்று முடிவானது. குடிநீரைக் காக்கவென்று போட்ட பொதுவான தடையை ஒருவருக்காகத் தளர்த்தும்போது, அதற்கான காரணத்தை அரசு காட்டியாக வேண்டும் என்பது எனக்கு இன்றும் மிக வலுவான வாதமாகத் தெரிகிறது.

அந்தத் தீர்ப்பு எழுதப்பட்டபோது நீதிபதிகள் துணைக்கு எடுத்துக்கொண்டது நம் ஊர்ப் பெயர் தாங்கிய வழக்கை. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்குக்கு, 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்து மனிதர்களுக்கு அதன் பின்னணியை விளக்க வேண்டியதில்லை என்றாலும், வெளியூர் வாசகருக்காகச் சற்றுச் சொல்கிறேன். முற்காலத்தில் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிட்ட தொழில், 1970-களில் பதப்படுத்திய தோலாகவும் காலணியாகவும் ஏற்றுமதி செய்யும் கொள்கை வந்தபின் குரோமியம் கலந்த வேதிப்பொருள்களுக்கு வேகமாக மாறியது. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று அந்தத் தீர்ப்பே குறிப்பிடுகிறது. தோல் கெடாமலிருக்கத் தடவும் உப்பும், பதனிடும் குரோமியமும் கலந்த அந்தத் தண்ணீர் வாய்க்காலிலும் திறந்த வெளியிலும் பாலாற்றிலும் விடப்பட்டது. வேலூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி மையத்தின் கணக்கெடுப்பின்படி, டேனரிகள் எனப்படும் தோல் பதனிடும் ஆலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப்போனது என்பதும் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது.

வழக்கை இறுதியில் தாங்கி நின்றவை இந்தக் கணக்கெடுப்பும், கிணறு கிணறாக எடுத்த ஆய்வுகளும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அறிக்கைகளும்தான். தென்னை காய்ந்ததையும், இறைத்த தண்ணீர் பாத்தியில் வெள்ளையாகப் பூத்ததையும் ஊரில் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். அதை யாரோ அளந்து, எழுதி, கையெழுத்திட்டு வைத்திருந்ததால்தான் அது நீதிபதிகளின் மேசைக்குச் சென்றது.

அந்தத் தீர்ப்பு, தீங்கு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளே என்று அறிவித்தது. இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. திட்டமிடல் முடிவுகளைப் பொறுத்தவரை எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது, 1989 மார்ச் 30 தேதியிட்ட தமிழ்நாடு அரசின் 213-ஆம் எண் அரசாணையை அந்த அமர்வு உறுதிசெய்ததுதான். ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் அதிகம் மாசுபடுத்தும் தொழிற்சாலைகளைப் புதிதாக அமைக்கக் கூடாது என்பது அந்த ஆணை. ஓர் இடத் தேர்வு விதி, துறைக்குள் கிடக்கும் வழிகாட்டுதல் என்ற நிலையிலிருந்து மாறி, கண்டிப்பாக நிறைவேற்ற வேண்டிய ஒன்றாக நீதிமன்றத்தின் வாயால் ஆனது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம், 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு நிலையம், தவறினால் மூடல், இழப்பை மதிப்பிட ஓர் ஆணையம், இவற்றைக் கண்காணிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு என்று அந்தத் தீர்ப்பின் கட்டளைகள் நீண்டன.

ஆனால் அதன்பின் நடந்ததையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆணையம் அமைந்தது, 2001-இல் வேலூர் மாவட்டத்தில் 29,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு நிர்ணயித்தது. அந்தத் தொகை யாருக்குச் சேர்ந்தது, யாருக்கு விடுபட்டது, பிந்தைய ஆண்டுகளின் இழப்பை யார் கணக்கிடுவது என்ற சண்டை உயர் நீதிமன்றம் சென்று, மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலாவும் ஆர். மகாதேவனும் அந்த மேல்முறையீட்டில் தீர்ப்பளித்தார்கள். அரசு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்று கட்டளையிட்டதோடு, வழக்கை முடித்து அனுப்பாமல், நிறைவேற்றத்தைத் தாங்களே தொடர்ந்து பார்க்கும் முறையைக் கையாண்டார்கள். முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய 28 ஆண்டுகள். நிலம் உவர்ந்துபோன விவசாயியின் மகன் அதற்குள் பெங்களூரிலோ ஓசூரிலோ வேலைக்குப் போய்விட்டான். பல இடங்களில் அந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டுவிட்டது.

இந்தத் தாமதத்துக்கு நீதிமன்றத்தை மட்டும் குறை கூறுவதில் எனக்கு உடன்பாடில்லை. தவறான இடத்தில் ஒரு கிடங்கை அனுமதிக்கும் முடிவு ஒரு வாரத்தில் கையெழுத்தாகிவிடுகிறது. அதன் விளைவைத் திருப்ப ஒரு தலைமுறை போதவில்லை. இராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் இருந்த தமிழ்நாடு குரோமேட்ஸ் நிறுவனம் 1990-களின் நடுவில் மூடப்பட்டபோது விட்டுச்சென்ற குரோமியக் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். அந்தக் குவியலில் இருப்பது டேனரியில் பயன்படும் மூவிணைதிறக் குரோமியத்தைவிடப் பலமடங்கு நச்சுத்தன்மை கொண்டதும் நீரில் எளிதில் கரைவதுமான அறுவிணைதிறக் குரோமியம். மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நிறத்தில் ஊறி நிலத்தடிக்கு இறங்கும் அந்தக் கழிவு காரணமாக, 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். ஆலை இயங்கிய காலத்திலேயே கழிவை எங்கே, எந்தத் தரைப்பூச்சின் மேல், எத்தனை ஆண்டுக்கு வைப்பது என்ற கேள்வியை அனுமதி கொடுத்தவர்கள் கறாராகக் கேட்டிருந்தால், இன்று எந்தத் தீர்ப்பாயமும் அந்தக் குவியலைப் பற்றி ஆணை எழுத வேண்டியிருக்காது.

அதே இராணிப்பேட்டையில் 2015 ஜனவரி 31 அதிகாலையில், டேனரிகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேறு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். சுத்திகரிப்பு நிலையம் என்ற பெயரால் அது பாதுகாப்பான இடமாகிவிடுவதில்லை. கழிவுநீரிலிருந்து பிரித்தெடுத்த சேறு எங்கே போகும் என்பதற்கு விடையில்லாமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் இசைவாணை, கழிவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றுகிறதே தவிர வேறெதையும் செய்வதில்லை.

இனி ஒரு சிற்றூரில் நான் நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். பக்கத்து நகரத்தின் திடக்கழிவைக் கொட்ட ஓர் உள்ளாட்சி அமைப்பு அந்த ஊர் எல்லையில் ஓர் இடத்தைக் குறித்திருந்தது. முன்மொழிவில் அந்த நிலம் "தரிசு" என்று எழுதப்பட்டிருந்தது. எந்தச் சர்வே எண் எந்த வகை நிலம் என்று காட்டும் கிராம அ பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது, அந்தச் சர்வே எண்ணின் ஓர் உட்பிரிவு மட்டுமே தீர்வை ஏற்பட்ட தரிசு, அதாவது வரி விதிக்கப்பட்டும் பயிரிடப்படாத நிலம். மற்றது ஏரிப் புறம்போக்கு என்று தெளிவாக இருந்தது. ஏரியில் பத்து ஆண்டாகத் தண்ணீர் நிற்காததால், இடத்தைப் பார்வையிட வந்தவர்களுக்கு அது வெறும் கருவேலங்காடாகத் தெரிந்திருக்கும். இணைத்திருந்த வரைபடத்தில் சாலை, மின்கம்பம், எல்லைக்கல் எல்லாம் இருந்தன. அதைச் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் கீரைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு மூதாட்டி என்னைக் கேட்டார்: "மழை பெய்ஞ்சா தண்ணி எந்தப் பக்கம் போவும்னு இந்தப் படத்துல இருக்கா சார்?"

இல்லை. ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வாய்க்கால் அந்தப் படத்தில் வரையப்படவே இல்லை. கிராமப் புல வரைபடத்தில் அந்த வாய்க்கால், கிடங்குக்குக் குறித்த இடத்தின் குறுக்கே ஓடி, கீழே இருக்கும் பஞ்சாயத்துக் குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் பெரிய வாய்க்காலில் சேர்கிறது. ஆட்சேப மனுவில் அந்த அம்மாளின் கேள்வியையே முதல் பத்தியாக எழுதினோம். புல வரைபட நகலையும் அ பதிவேட்டின் சான்றிட்ட நகலையும் இணைத்தோம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளின் முதல் அட்டவணை, நிலநிரப்பு இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரும், குளத்திலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் 200 மீட்டரும் தள்ளியிருக்க வேண்டும் என்று சொன்னது. கிணற்றுக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைச் சங்கிலி பிடித்து அளந்து அதையும் எழுதினோம். பஞ்சாயத்துத் தீர்மானம், ஆட்சியருக்கு ஒரு படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு ஒரு படி, எல்லாவற்றுக்கும் ஒப்புகைச் சீட்டு. முன்மொழிவு மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. வழக்கு போட வேண்டிய தேவையே எழவில்லை. ஒருவேளை ஆட்சேபத்தை ஒதுக்கிவிட்டு அனுமதி கொடுத்திருந்தால், ஏன் ஒதுக்கினோம் என்று அந்த அதிகாரி நீதிமன்றத்தில் விடை சொல்ல வேண்டியிருந்திருக்கும். "எங்கள் கவனத்துக்கு வரவில்லை" என்று சொல்ல வழியிருந்திருக்காது.

வேறொரு ஊர், லாரிகள் வந்து ஓராண்டு கழிந்தபின் வந்தது. சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்கப்பால் ஒரு நாள் தாண்டினாலும் தீர்ப்பாயத்தால் மன்னிக்க முடியாது. நாளிதழிலோ இணையதளத்திலோ அனுமதி முதலில் வெளியான நாளிலிருந்து அந்தக் கணக்கு தொடங்குகிறது. அந்த ஊருக்கு எஞ்சியது, ஏற்கனவே நேர்ந்த மாசுக்கு இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் வழி மட்டுமே. அதற்கு ஐந்தாண்டுக் கால வரம்பு உண்டு. கிடங்கை இடம் மாற்றச் சொல்வதைவிட, அதன் கசிவைத் தடுக்கச் சொல்வதே இனி அவர்களால் நடைமுறையில் கேட்க முடிந்தது. அனுமதி விளம்பரங்கள் ஊராட்சி அலுவலகப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும் என்று அரசு கண்டிப்பாக உத்தரவிட்டால் இந்த அநீதியில் பாதி குறையும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பும், அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியிலும், நடவடிக்கை முழுவதும் ஒளிப்பதிவாகவும் வேண்டும் என்கிறது. கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். இந்தக் கூட்டங்களை வெளிநடப்பு செய்து புறக்கணிப்பது நம் பக்கத்தில் வழக்கமாகிவிட்டது. கோபம் புரிகிறது, ஆயினும் வெளிநடப்பு செய்தவரின் ஆட்சேபம் குறிப்பில் ஏறாது. கூட்டம் நடத்தக் குறைந்தபட்ச வருகை என்று எதுவும் விதியில் இல்லாததால், வெறும் நாற்காலிகளுக்கு முன்னால் நடந்த கூட்டமும் சட்டத்தின் பார்வையில் கூட்டமே. சொல்ல வேண்டியதைச் சொல்லி, எழுத்தில் கொடுத்து, குறிப்பில் அது ஏறியிருக்கிறதா என்று வாசிக்கும்போது கவனித்துக் கேட்டுவிட்டு, அதன்பின் வெளிநடப்பு செய்யலாம்.

2019-இல் கோவா மோப்பா விமான நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது, மதிப்பீட்டுக் குழு முன்னிருந்த விவரங்களில் முக்கியமானவை விடுபட்டிருந்ததாலும், குழு அவற்றை மனம் செலுத்தி ஆராய்ந்ததாகக் கோப்பு காட்டாததாலும்தான். வல்லுநர் குழு என்பதாலேயே அதன் முடிவு கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று. அரசின் திட்ட விஷயங்களில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று சொல்பவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் காரணம் எழுதாத முடிவை வல்லுநர் முடிவு என்று எப்படி ஏற்பது?

மறுபக்கத்திலும் வலி உண்டு. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலணித் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களின் வருமானத்தில்தான் பல வீடுகளில் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு மூடல் உத்தரவு வந்தால் முதலில் வேலையிழப்பவர்கள் அவர்கள். மாசுக்குக் காரணமான முடிவுகளில் அவர்களுக்கு எந்தப் பங்கும் இருந்ததில்லை. நகரத்துக் குப்பையும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். வேலூர் சதுப்பேரி ஏரியில் ஆண்டுக்கணக்கில் கொட்டியது தவறு என்று சொல்லும் நாமே, வார்டுக்குள் உரக்கூடம் வந்தால் எதிர்க்கிறோம். நம் மாநகராட்சியில் குப்பையைப் பிரித்து ஆங்காங்கே உரமாக்கும் முறை முன்னெடுக்கப்பட்டபோது, அதை முழு மனதோடு ஆதரித்திருக்க வேண்டும். பிரிக்கப்படாத குப்பை இருக்கும்வரை, ஒவ்வொரு தடை உத்தரவும் லாரிகளை இன்னோர் ஊரின் எல்லைக்குத் திருப்பிவிடும்.

நிதி இல்லை என்ற பதிலை மட்டும் ஏற்க வேண்டியதில்லை. 1980-இல் ரத்லம் நகராட்சி வழக்கில் நீதிபதி கிருஷ்ண ஐயர் அந்தச் சாக்கை முற்றாக மறுத்துவிட்டார். கழிவுநீரால் பொதுத்தொல்லை என்று தெருவாசிகள் அளித்த சாதாரணப் புகாரில், மாஜிஸ்திரேட் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இட்ட ஆணையைத்தான் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் பிரிவு இன்று புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆக இருக்கிறது. கோட்டாட்சியரிடமே மனு கொடுக்கலாம். சென்னைக்குப் பேருந்து ஏற வேண்டியதில்லை. இந்த வழியை நம் மக்கள் மிகக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள்.

மேலே சொன்ன வேலூர் டேனரி வழக்கில் 2025-ஆம் ஆண்டு ஆணையின்படி இனி நடக்க வேண்டியவை, பாலாற்றுக் கரையோர ஊர்கள் என்ன விவரம் கொடுக்கின்றன என்பதையும் பொறுத்திருக்கின்றன. ஊராட்சிகள் இப்போதே கிணறுகளின் நீர் மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதித்து, ஒவ்வொரு அறிக்கையிலும் சர்வே எண், உட்பிரிவு, மாதிரி எடுத்த தேதி, எடுத்தபோது உடனிருந்தவர் கையெழுத்து ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். 2001 இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் பழைய அடங்கல் (சாகுபடிப் பதிவேடு), கிணற்று மின்இணைப்பு ரசீது, நிலவரி ரசீது ஆகியவற்றைச் சேர்த்து, ஊருக்கு ஒரே கட்டாக ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்புகை பெற்றுக் கொடுக்கலாம். அ பதிவேடு, புல வரைபட நகல் பெறுவதற்கும், மனுவை ஒழுங்குபடுத்துவதற்கும் உதவி தேவைப்படும் ஊர்களுக்கு நான் வரத் தயாராக இருக்கிறேன்.